அப்பாவின் பொம்மை ரயில்கள்: ஏலத்துக்கா, வியாபாரிக்கா?

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறை வீட்டில் உங்கள் தந்தையார் விட்டுச்சென்ற மூன்று டிரங்குப் பெட்டிகளில் பொம்மை ரயில்கள் இருக்கின்றன. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த அவர் தேடித்தேடிச் சேர்த்தவை சில. பினாங்கில் கடை வைத்திருந்த உங்கள் பெரியப்பா, ஊருக்கு வரும்போதெல்லாம் நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டுவந்து கொடுத்தவை மற்றவை. காரைக்குடியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி மொத்தத்துக்கும் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லண்டனில் இருக்கும் உங்கள் அத்தை மகனோ, அங்கே ஏலத்தில் விட்டால் லட்சக்கணக்கில் வரும், அவசரப்பட வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் மூன்று பெட்டிச் சரக்கையும் ஒரே பொருளாக எண்ணிப் பேசுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சந்தைகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு எஞ்சினுக்கு இங்கிலாந்து ஏலம் மிகவும் பொருத்தமான இடம். வேறு சிலவற்றை அங்கே அனுப்பினால் அனுப்பும் செலவுகூடத் தேறாது. ஒன்றைப் பொம்மை என்று சொல்லி விற்பதே அதற்குச் செய்யும் அநியாயம். ஆகவே, ஏலமா வியாபாரியா என்பதை மொத்தத்துக்கும் சேர்த்து முடிவு செய்யாமல், உருப்படி உருப்படியாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

விற்பதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டும். படத்தில் இருக்கும் பச்சை எஞ்சினின் ஒரு பக்கம் மட்டும் துடைத்த பளபளப்போடு இருக்கிறது. தயவுசெய்து அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிராஸோ, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் இவற்றின் மேல் படக்கூடாது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது தொழிற்சாலையில் பூசிய வர்ணத்துக்கும், அதன் மேல் பதித்த எழுத்துக்கும், பொன்னிறக் கோடுகளுக்கும்தான். தேய்த்தால் முதலில் போவது அந்தக் கோடுகள். பழைய வர்ணம் பாதி உதிர்ந்த எஞ்சினுக்குக் கிடைக்கும் விலை, அதையே புதிதாக வர்ணமடித்து அழகாக்கினால் கிடைப்பதில்லை. மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவதோடு சரி.

அட்டைப்பெட்டிகளையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். கிழிந்த மூலையை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் மடித்த காகிதம், உத்தரவாதச் சீட்டு, சாவி, சிறிய எண்ணெய்க் குப்பி எதையும் குப்பை என்று எறியாதீர்கள். எஞ்சினுக்குச் சமமான விலை அதன் அட்டைப்பெட்டிக்கும் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தகரத்தில் துரு ஏற்றும். ராமபாணப் பூச்சி லேபிளைத் தின்றுவிடும். தரையோடு தரையாக வைத்த பெட்டியில் கரையான் ஏறும். பெட்டிகளை மரப்பலகையின் மேல் உயர்த்தி வையுங்கள். பூச்சிக்கென்று அந்துருண்டை போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது வேண்டாம். அதன் ஆவி, பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். உங்கள் இரண்டாவது பெட்டியில் இருக்கும், ட்ரையாங் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் கோச்சுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. அந்த நிறுவனத்தின் தொடக்க காலக் கோச்சுகள் வெப்பத்தில் தாமாகவே வளைந்துபோகும் தன்மை கொண்டவை; உங்களிடம் உள்ள ஒன்று நடுவில் சற்றுத் தொய்ந்திருப்பது அதனால்தான். அதை நிமிர்த்த முயல வேண்டாம்.

இன்னொரு நோய் உண்டு, அதற்கு மருந்தே இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய பல எஞ்சின்களின் சக்கரங்களும் அடிச்சட்டங்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அந்தக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச்செல்ல உலோகம் உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கோத்து போல உதிர்ந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் வைத்து, மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சக்கரத்தையும் பாருங்கள். இருந்தால் மறைக்காமல் பட்டியலில் எழுதுங்கள். வாங்குபவர் எப்படியும் கண்டுபிடிப்பார். அவர் கண்டுபிடித்துச் சொல்லும்போது உங்கள் மற்றப் பொருள்களின் மீதும் சந்தேகம் விழும்.

ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. சாவி கொடுக்கும் எஞ்சினுக்கு அரைச் சுற்றுக் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. மின்சார எஞ்சின்களை மட்டும் தொடாதீர்கள். அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மர்களின் ரப்பர் உறையிட்ட கம்பிகள் இறுகி உதிர்ந்திருக்கும்; நம் வீட்டு 230 வோல்ட்டில் அவற்றைச் செருகுவது உயிருக்கே ஆபத்து. மேலும் உங்களிடம் இரண்டு நாட்டு மின்ரயில்கள் இருக்கின்றன. ஆங்கிலேய ஹார்ன்பி டப்லோ 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுவது. ஜெர்மானிய மார்க்லின் மாறுமின்சாரத்தில் ஓடுவது. இரண்டும், நடுவில் இன்னொரு தடத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று தண்டவாள முறை என்பதால் ஒன்றின் டிரான்ஸ்பார்மரில் மற்றதை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஹார்ன்பியின் காந்தம் வலுவிழந்துவிடும்.

இனி அடையாளம் காணும் வேலை. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்து, இரு வெளித் தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துபாருங்கள். 32 மில்லிமீட்டர் இருந்தால் அது ஓ கேஜ், 16.5 மில்லிமீட்டர் இருந்தால் டபுள் ஓ அல்லது எச்.ஓ.; 45 மில்லிமீட்டர் என்றால் ஒன்றாம் எண் கேஜ் அல்லது பிற்காலத் தோட்ட ரயில். இந்த ஒரு அளவே சரக்கைப் பாதி பிரித்துவிடும். அடுத்து, எஞ்சினின் அடிப்பாகத்தில் இருக்கும் நிறுவனப் பெயர். ‘மெக்கானோ லிமிடெட், லிவர்பூல்’ என்றிருந்தால் அது ஹார்ன்பி. ஃபிராங்க் ஹார்ன்பியின் அந்த நிறுவனம் 1920இல் சாவி ரயில்களைச் செய்யத் தொடங்கியது. 1938இல் டப்லோ என்ற சிறிய அளவு வந்தது. 1959இல் மூன்று தண்டவாளத்தோடு இரண்டு தண்டவாள முறையும் சேர்ந்தது. 1964இல் மெக்கானோ நிறுவனம் ட்ரையாங்கின் உரிமையாளர்கள் கைக்குப் போனது. இந்த ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் பெட்டியில் இருப்பவை எந்தக் காலத்தவை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இப்போது அந்தப் பச்சை எஞ்சினுக்கு வருகிறேன். அதன் பக்கவாட்டுப் பெயர்ப்பலகையில் ‘டார்செஸ்டர்’ என்றிருப்பதும், அருகில் கிடக்கும் அட்டைப்பெட்டியின் முனை லேபிளில் 3235 என்ற எண் இருப்பதும் படத்தில் தெரிகின்றன. அந்தக் கால டப்லோ எஞ்சின்களில், 2 என்று தொடங்கும் நான்கிலக்க எண் இரண்டு தண்டவாள வகையையும், 3 என்று தொடங்குவது மூன்று தண்டவாள வகையையும் குறிக்கும். இதே வார்ப்பில் வந்த இரண்டு தண்டவாள எஞ்சினுக்கு 2235 என்ற எண்ணும் ‘பார்ன்ஸ்டபிள்’ என்ற பெயரும் கொடுத்தார்கள். டார்செஸ்டர் வந்த 1960களின் தொடக்கத்தில் மூன்று தண்டவாள முறை விடைபெற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் குறைவு, ஆகவே இன்று கிடைப்பதும் குறைவு. பெயர்ப்பலகையை மாற்றி ஒட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு என்பதால், எஞ்சினையும், அதன் பின்னால் இணையும் நிலக்கரி வண்டியான டெண்டரையும் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி, நடுத் தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் உலோக நாக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பெயரும் எண்ணும் அடிப்பாகமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அதை அந்த நிலையில் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். உங்கள் மூன்று பெட்டிகளிலும் நான் முதலில் தனியே எடுத்து வைக்கச் சொல்வது இதைத்தான்.

அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு ‘டச்சஸ் ஆஃப் அத்தால்’ பார்வைக்கு இதைவிடக் கம்பீரமானது. ஆனால் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது ஏராளமாக விற்றது; அட்டைப்பெட்டி இல்லாமல், ஓடித் தேய்ந்த நிலையில் அது இங்கிலாந்தில் சில பத்துப் பவுண்டுகளுக்கே போகிறது. சாவி கொடுக்கும் சிறிய ஹார்ன்பி செட்டுகளும் அப்படித்தான். அவை மலிவாக, லட்சக்கணக்கான குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை. மார்க்லின் எஞ்சினின் அட்டைப்பெட்டியில் 3000 என்ற எண் இருக்கிறது. அது அந்த நிறுவனம் மிக அதிகமாக விற்ற சிறிய டாங்க் எஞ்சின்களில் ஒன்று. அதே நிறுவனத்தின் சுவிஸ் ‘முதலை’ எஞ்சின் உங்களிடம் இருந்திருந்தால் கதை வேறு. பழையது என்பதால் மட்டும் விலை வருவதில்லை. வேண்டுபவர் அதிகமாகவும் பொருள் குறைவாகவும் இருந்தால்தான் வரும்.

உங்கள் அத்தை மகன் சொல்லும் லட்சங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ரயில்களைச் சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து ஏங்கி, சம்பாதித்த பின் வாங்கிச் சேர்த்த தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்களுடைய சேகரிப்புகளே ஆண்டுதோறும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே சாதாரணப் பொருள்களின் விலை இறங்கிக்கொண்டே போகிறது. அபூர்வமானவை மட்டும் நிலைத்து நிற்கின்றன. பழைய சேகரிப்புகளை மொத்தமாக வாங்கிவந்த ஹாட்டன்ஸ் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேயக் கடையே 2024இல் மூடப்பட்டது. இணையத்தில் ஒருவர் ஒரு எஞ்சினுக்கு 900 பவுண்டு என்று விலை போட்டிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. அது அவர் கேட்கும் விலை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் தொகையை வெளியிடுகின்றன. அவற்றில் உங்கள் பொருளின் எண்ணைப் போட்டு, உங்கள் பொருளின் நிலையிலேயே உள்ளவை என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள்.

ஏலம் என்றால் எல்லா ஏலமும் ஒன்றல்ல. சென்னையில் மர்ரே, கல்கத்தாவில் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் போன்ற பழைய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே மேசை நாற்காலி, சரவிளக்கு, பீங்கான் என்று வீட்டுப் பொருள்களோடு உங்கள் ரயிலும் வரிசையில் நிற்கும். அன்று கூடத்தில் ரயில் தெரிந்தவர் இருவராவது இருந்தால்தான் விலை ஏறும். மும்பையின் பெரிய ஏல நிறுவனங்களுக்கு ஓவியமும் நகையுமே முதன்மை. ரயில் தெரிந்தவர்கள் கூடும் ஏலங்கள் வெளிநாட்டில்தான் நடக்கின்றன: ஆங்கிலேய ரயில்களுக்கு இங்கிலாந்தின் தார்னபியில் இருக்கும் வெக்டிஸ், நியூபரியில் இருக்கும் ஸ்பெஷல் ஆக்ஷன் சர்வீசஸ், ஜெர்மானிய ரயில்களுக்கு லாடன்பர்க் நகரப் பொம்மை ஏலம், லயனல் போன்ற அமெரிக்க ரயில்களுக்கு இண்டியானா மாநிலத்தின் ஸ்டவுட். பொருள் எந்த நாட்டில் பிறந்ததோ அந்த நாட்டில்தான் அதை வேண்டுபவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது இந்தத் துறையில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. டார்செஸ்டரை லாடன்பர்க்குக்கு அனுப்புவதும், மார்க்லினைத் தார்னபிக்கு அனுப்புவதும் வீண்.

ஏலத்தில் கிடைக்கும் தொகை முழுதும் கைக்கு வராது என்பதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு எஞ்சின் 300 பவுண்டுக்கு ஏலம் முடிந்தது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதற்கு மேல் கால் பங்கு அளவுக்குப் பிரீமியமும் வரியும் சேர்த்துக் கொடுப்பார். அது ஏல நிறுவனத்துக்குப் போகும். உங்கள் பக்கத்தில் 15 சதவீதக் கமிஷன் என்றால் 45 பவுண்டு, அந்தக் கமிஷன் மீது அந்நாட்டு 20 சதவீத வாட் வரி 9 பவுண்டு, மீதி 246. இதில் படமெடுக்கும் கட்டணம், காப்பீடு, நீங்கள் அனுப்பிய செலவு, வங்கிக் கட்டணம் எல்லாம் கழியும். கமிஷன் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரிய சேகரிப்பு என்றால் பேசிக் குறைக்கவும் முடியும். சிறிய தொகைப் பொருளுக்கு இந்தக் கழிவுகளே பாதியைத் தின்றுவிடும் என்பதால்தான், உங்களிடம் உள்ளவற்றில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

ஏல நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, ரிசர்வ் விலை: அதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற எல்லை. அது இல்லாவிட்டால், கேட்பார் இல்லாத நாளில் உங்கள் பொருள் சொற்ப விலைக்குப் போய்விடும். அளவுக்கு மீறி உயர்த்தி வைத்தாலோ விற்காமல் திரும்பும், திரும்பும் செலவும் உங்கள் தலையில் விழும். மற்றொன்று, லாட் பிரிப்பு: எவற்றை ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடுவது என்பது. நிறுவனத்தின் வசதிக்காக நல்ல எஞ்சினையும் பத்துச் சாதாரண வேகன்களையும் ஒரே லாட்டில் கட்டிவிடுவார்கள். டார்செஸ்டர் அதன் அட்டைப்பெட்டியோடு தனி லாட்டாகவே வர வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

அனுப்பும் முறையில் சட்டமும் குறுக்கிடுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலை, கைவினைப் பொருள்களையும் வரலாற்று மதிப்புள்ள பொருள்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் டார்செஸ்டர் 1960களைச் சேர்ந்தது. அதற்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் 1920களின் தொடக்கத்து ரயில்கள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. பெட்டியின் அடியில் அப்படி ஏதேனும் இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெறாமல் விமான நிலையம் வரை கொண்டுபோகாதீர்கள். அத்துறைக்குச் சென்னையில் மட்டுமின்றித் திருச்சியிலும் வட்ட அலுவலகம் இருக்கிறது. அத்தை மகன் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போகட்டும் என்று நினைப்பீர்கள். எடுத்துப்போகலாம், ஆனால் இங்கிலாந்தில் பயணிகளுக்கு உள்ள சுங்கச் சலுகை சொந்த உபயோகப் பொருளுக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமே உரியது. விற்பனைக்குக் கொண்டுவந்ததை அவர் அங்கே சுங்கத்தில் சொல்லியாக வேண்டும். என்ன வரி வரும் என்பதை அந்த ஏல நிறுவனத்திடமே முன்கூட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அஞ்சல் வழியாக வணிகமாக அனுப்புவதென்றால் ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதியாளர் எண் தேவைப்படும். வருமான வரி பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு உபயோக அசையும் பொருளுக்கும் கலைப்பொருளுக்கும் சட்டம் வேறு வேறு வகையில் வரி பார்க்கிறது.

வியாபாரியைப் பற்றி. காரைக்குடிக்காரர் சொன்ன 40,000 ரூபாயைக் கேட்டதும் அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்ட வேண்டாம். முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டுத் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே காலம் சொல்லும் திறமைசாலிகள் இருக்கிறார்கள்; ரயில் அவர்களுடைய துறை அல்ல. தெரியாத சரக்கைக் கைக்காசு போட்டு வாங்கி, மும்பைக்கோ டெல்லிக்கோ அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து விற்க வேண்டியவர், தான் நஷ்டப்படாத விலையைத்தான் சொல்வார். ரயில் தெரிந்த வியாபாரியாக இருந்தாலும், தான் விற்க நினைக்கும் விலையில் பாதிக்கு மேல் தருவது அரிது. அவர் தருவது உடனடிப் பணம், அலைச்சலின்மை, உடைசல்களையும் தண்டவாளங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் பொறுப்பு. அதற்கும் மதிப்பு உண்டு. தண்டவாளம் எடை அதிகம், விலை குறைவு. அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் அர்த்தமே இல்லை. வியாபாரி எடுக்காவிட்டால் அது காயலான் கடைக்குத்தான் போகும்.

வியாபாரியிடம் அஞ்ச வேண்டியது ஒன்றுதான்: பொறுக்கி எடுப்பது. முதலில் ஒருவர் வந்து, “இந்த ஒரு எஞ்சினை மட்டும் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி நல்ல விலையே கொடுப்பார். நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். அவர் எடுத்த ஒன்றுதான் மற்றவற்றையும் தூக்கி நிறுத்தியிருந்த பொருள் என்பது, அடுத்து வருபவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடும்போதுதான் தெரியும். எதைத் தனியே எடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வருபவர் அல்ல.

தேய்ந்த டச்சஸ், மார்க்லின், ட்ரையாங் போன்றவற்றுக்கு இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வீட்டில் மாதிரி ரயில் ஓட்டும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள்; ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்ற ரயில் ஆர்வலர் அமைப்பின் வட்டத்தில் அவர்களைக் காணலாம். அவர்களில் பலருக்கு வேண்டியது இன்று ஓட்டக்கூடிய ரயில். ஆகவே பழந்தகரத்துக்குப் பெரிய விலை வராது. ஆனாலும் வியாபாரி தருவதைவிடக் கூடுதலாக வரும், அனுப்பும் செலவும் உள்நாட்டுச் செலவுதான். டி.எம். என்ற முத்திரையுள்ள ஜப்பானியத் தகர ரயில், பேட்டரியில் ஓடுவது, வேறு வகை. ரயில் சேகரிப்பவரைவிடத் தகரப் பொம்மை சேகரிப்பவருக்கே அது பிடிக்கும். படம் போட்ட அட்டைப்பெட்டி முழுதாக இருப்பதால் அதையும் தனியே வையுங்கள்.

கடைசி டிரங்கில், பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த கறுப்பு எஞ்சினைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள்: “இதில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, உள்ளூர்ப் பொம்மை போலிருக்கிறது.” அந்தப் படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்தேன். அது மீட்டர் கேஜ் ஒய்.பி. வகை எஞ்சினின் கைவேலை மாதிரி. பித்தளைத் தகட்டை வளைத்துக் கொதிகலன், கம்பியைப் பட்டறையில் தட்டிச் செய்த இணைப்புத் தண்டுகள், ஒவ்வொன்றாக அடித்த ஊசிமுனை ரிவெட்டுகள். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பணிமனை இடம்மாறியது முதல், அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த ஃபிட்டர்களின் கையில் இருந்த தேர்ச்சி இதில் தெரிகிறது. விழுப்புரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் மெயின் லைனில் நாம் ஏறி இறங்கிய வண்டிகளை இழுத்த எஞ்சின் இந்த வகைதான். இதைப் பொம்மை ஏலத்தில் வைத்தால், பெயரில்லாத பொருள் என்று கடைசி வரிசையில் தள்ளிவிடுவார்கள். வியாபாரி பித்தளை எடைக்குக் கேட்பார். இது ரயில்வே நினைவுப் பொருள். திருச்சியிலும் சென்னை பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தந்தையாரின் பணி அடையாள அட்டை, பணிமனைப் புகைப்படம், யார் எப்போது செய்தது என்று குடும்பத்தில் யாருக்கேனும் நினைவிருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவற்றோடு இதைத் தனியே வையுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் கடைசியாக விற்கலாம். என் மனம் சொல்வதைச் சொன்னால், இதை விற்க வேண்டாம்.

விற்கும் உரிமையையும் இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். தந்தையாரின் பொருள் என்பதால் உங்கள் தாயாருக்கும் உடன்பிறந்தார் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. பட்டியலைக் காட்டி, எது எந்த வழியில் விற்கப்படும், தொகை எப்படிப் பிரியும் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுவது நல்லது. விலை வந்த பிறகு பேசுவதைவிட வருவதற்கு முன் பேசுவது எளிது. ஏல நிறுவனமும், பொருள் எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்கும்.

பட்டியல் என்று நான் சொல்வது சாதாரண நோட்டுப் புத்தகம்தான். காலை வெளிச்சத்தில் திண்ணையில் வெள்ளை வேட்டியை விரித்து, ஃபிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு உருப்படியையும் இரு பக்கமும் அடிப்பாகமும், அட்டைப்பெட்டியின் இரு முனைகளும் தெரியப் படமெடுங்கள். எண், பெயர், கேஜ், நிலை, குறை என்று ஒரு வரி எழுதுங்கள். குறையை எழுதும்போது வஞ்சனை வேண்டாம். அடுத்தவர் பொருளைப் பார்ப்பது போல் பார்த்து எழுதுங்கள். டார்செஸ்டரின் படங்களை மேலே சொன்ன இரண்டு ஆங்கிலேய ஏல நிறுவனங்களுக்கும் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே சொல்வார்கள்.

அந்தப் பதில்கள் வரும்வரை காரைக்குடி வியாபாரிக்கு முடியாது என்று சொல்ல வேண்டாம். குடும்பத்தில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். டார்செஸ்டர், ஜப்பானியத் தகர ரயில், கறுப்பு எஞ்சின் ஆகியவற்றை எடுத்து வைத்து, ஆர்வலர்கள் கேட்டதையும் கொடுத்த பிறகு, மீதமுள்ளதன் பட்டியலை அவரிடம் கொடுத்துப் புது விலை கேளுங்கள். அது 40,000 ரூபாயைவிடக் குறைவாகத்தான் இருக்கும்; அதில் தவறில்லை, நல்லவற்றை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். வேறு ஒரு வியாபாரியிடமும் அதே பட்டியலைக் காட்டி, யார் கூடுதலாகத் தருகிறாரோ அவருக்கே கொடுங்கள். தொகை வங்கிக் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு, பட்டியலின் இரண்டு படிகளிலும் அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, அப்புறம் பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.